தடங்கலுக்கு வருந்துகிறோம்

அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா, தனியார் பள்ளியின் பெற்றோர் தினம், மென்பொருள் நிறுவனத்தின் குடும்ப விழா என எதுவானாலும் அழைப்பிதழில் ‘ரெட்ரோ’ என்ற சொல் தவறாமல் இடம்பெறும் காலம் இது. பெரும்பாலும் 80-கள், எப்போதாவது 60-கள், இப்போது 90-களும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்ததும் முதலில் எழும் கேள்வி, என்ன போட்டுக்கொண்டு வருவது என்பதுதான். பெல்பாட்டம், நாய்க்காது காலர் சட்டை, பாதி முகத்தை மறைக்கும் கூலிங்கிளாஸ், ஒட்டுக் கிருதா, பிள்ளைகளுக்கு வாடகைக் கடையிலிருந்து புள்ளி போட்ட பாவாடை. மேடைக்குப் பின்னால் தெர்மாகோலில் வெட்டிய இசைத்தட்டு ஒன்று தொங்கும். அரைமணி நேரம் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு பெரியவர்கள் இளையராஜா பாட்டுக்கு ஆடுவார்கள். பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி, விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசிக்குள் போய்விடுவார்கள். இரு தலைமுறைக்கும் சேர்த்து எடுத்த விழா ஒரே கூடத்தில் இரண்டு விழாக்களாகப் பிரிந்துவிடுகிறது. குறை பிள்ளைகளிடமும் இல்லை, பாட்டுகளிடமும் இல்லை. உடையிலிருந்து திட்டமிடத் தொடங்கியதுதான் கோளாறு என்பது என் கருத்து. ஒரு பத்தாண்டை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அப்போது என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை, எதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, எதைப் பங்குபோட வேண்டியிருந்தது என்பதுதான். விழாவை அந்த இல்லாமையிலிருந்து கட்டினால் பிள்ளைகளுக்கும் அதில் இடம் கிடைக்கும்.

உடையின் கதையை முதலில் முடித்துவிடலாம். 80-கள் என்று நாம் உடுத்திக்கொண்டு வருவது பெரும்பாலும் நினைவிலிருந்து வருவதில்லை, சினிமாவிலிருந்து வருகிறது. 1980-ஆம் ஆண்டு மதுரையைக் களமாகக் கொண்ட ‘சுப்ரமணியபுரம்’ வெளியானது 2008-இல். தாடி, அகலக் காலர், தரையைப் பெருக்கும் கால்சட்டை என்ற அந்தக் காலத்து உருவத்தை, அப்போது பிறந்தேயிராத ஒரு தலைமுறையின் மனத்தில் பதித்ததில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்குண்டு. அடுத்த ஆண்டே, 80-களில் நடித்த தென்னிந்திய நட்சத்திரங்கள் ஆண்டுதோறும் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து உடுத்திக் கூடும் வழக்கம் தொடங்கியது. அந்தப் படங்கள் செய்தித்தாள்களில் வந்து பலருக்கும் முன்மாதிரி ஆயின. 2018-இல் ‘96’ வந்த பிறகு பள்ளித் தோழர் சந்திப்பு இல்லாத ஊரே இல்லை என்றாயிற்று. இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் பெல்பாட்டம் உண்மையில் 70-களின் சொத்து. 80-களின் நடுவில் அது பெட்டிக்கு அடியில் போய்விட்டது. 1985-இல் ‘பூவே பூச்சூடவா’ வந்தபின் கடைத்தெருவை ஆண்டவை அதன் நாயகியின் பெயரைத் தாங்கிய நதியா கம்மலும் நதியா வளையலும்தான். அதைவிட முக்கியம், அன்று தெருவில் நடந்த பெரும்பாலோர் உடுத்தியிருந்தது வேட்டி, லுங்கி, சேலை, தாவணி. அவற்றில் பல இன்றும் கொடியில் உலர்கின்றன. மாறுவேடம் என்று சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை என்பதால்தான் நம் ரெட்ரோ விழாக்கள் அவற்றைத் தொடுவதில்லை. உடை பிள்ளைக்குத் தருவது ஐந்து நிமிட வேடிக்கை. அதன்பின் அந்த உடையில் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. யாரும் சொல்லித்தருவதும் இல்லை.

சரி, உண்மையில் எது வேறாக இருந்தது? தொலைக்காட்சியையே எடுத்துக்கொள்வோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. நாட்டில் வண்ண ஒளிபரப்பு 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. தனியார் தமிழ்ச் சேனலாக சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14 அன்று. இடைப்பட்ட காலம் முழுவதும் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குத் தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன் மட்டும்தான். சினிமாப் பாட்டைப் படத்தோடு பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’ வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்தப் பாட்டு வரும் என்று தெரியாது. பிடித்த பாட்டு வந்தால் திருப்பிப் போட முடியாது. பிடிக்காத பாட்டைத் தாண்டவும் முடியாது. தெருவில் ஒரு வீட்டில்தான் பெட்டி இருக்கும் என்பதால் அந்த வீட்டுக் கூடத்தில் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். பெட்டி இழுவைக் கதவு வைத்த மரக் கூட்டுக்குள் இருக்கும்; அதைத் திறக்கும் உரிமை வீட்டுக்காரருடையது. காற்றடித்தால் படம் ஆடும். ஒருவர் மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, ஒருவர் கூடத்திலிருந்து கத்த, நடுவில் படிக்கட்டில் ஒரு பையன் நின்று செய்தியை மேலும் கீழும் கடத்துவான். எல்லாம் சரியான நேரம் பார்த்துத் திரையில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்து நிற்கும். அதையும் உட்கார்ந்து பார்ப்பார்கள். மறுநாள் பள்ளியிலும் அலுவலகத்திலும் எல்லோரும் ஒரே பாட்டைப் பற்றிப் பேசினார்கள். பார்த்தது ஒன்றே என்பதால் பேச்சும் ஒன்றாக இருந்தது.

இதில் இன்று ஒரு பிள்ளைக்குப் புதிதாக இருக்கக்கூடியது பெட்டியின் வடிவமா? அதை இணையத்தில் ஒரு நொடியில் பார்த்துவிடும். தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத நிலையில் முப்பது பேர் ஒன்றாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதுதான் அதற்குத் தெரியாத செய்தி. அதைத் தெர்மாகோலில் வெட்ட முடியாது. நடத்தித்தான் காட்ட முடியும். நடத்துவது கடினமும் இல்லை. கூடத்தில் ஒரே திரை. பத்துப் பாட்டுகளை ஒருவர் மட்டும் ரகசியமாகத் தேர்ந்தெடுத்து வைக்கிறார். நாற்காலி இல்லை, பாய்தான். எந்தப் பாட்டையும் நிறுத்தவோ தாண்டவோ கூடாது. நடுவில் ஒரு முக்கியமான பாட்டில் அந்த அட்டை வர வேண்டும். இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் கூடத்தில் எழும் கூச்சலை எந்த டிஜேயாலும் எழுப்ப முடியாது. பெரியவர்களுக்கு அது நினைவு, பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எரிச்சல் இருவருக்கும் பொது. எரிச்சலைப் பகிர்ந்துகொண்டவர்கள் சீக்கிரம் பேச ஆரம்பிக்கிறார்கள் என்பதைப் பேருந்து நிறுத்தத்தில் நின்ற எவரும் அறிவர்.

வானொலி இதைவிட வளமான களம். 1957-இல் விவித் பாரதி வந்தது. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் பாட்டு கேட்கும் பழக்கத்தை வளர்த்ததில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு ஈடு இல்லை. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை முகம் தெரியாமலே இங்கே வீட்டு மனிதர்களின் குரல்போல அறிந்திருந்தார்கள். நேயர் விருப்பம் என்ற ஏற்பாட்டின் நுட்பத்தைப் பாருங்கள். நேயர் ஒரு அஞ்சலட்டை வாங்கி, பாட்டின் பெயரையும் தம் பெயரையும் ஊரையும் எழுதி, தபாலில் சேர்த்துவிட்டுக் காத்திருப்பார். பாட்டைவிடத் தம் பெயரும் ஊரும் காற்றில் வருவதற்காகவே காத்திருந்தவர்கள் உண்டு. இதை விழாவில் அப்படியே செய்யலாம். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே குடியிருப்பின் வாயிலில் அட்டைப் பெட்டி ஒன்றை வைத்துவிட வேண்டும். அஞ்சலட்டை விலை இன்னும் ஐம்பது காசுதான். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அவர் விரும்பும் ஒரு பாட்டை, யாருக்காக, ஏன் என்று இரண்டு வரியில் எழுதிப் போட வேண்டும். விழா நாளில் அறிவிப்பாளர்கள் பிள்ளைகளே. பெயர்களையும் கதவு எண்களையும் அந்தக் காலத்து ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கப் பயிற்சி கொடுத்தால், பத்து வயதுப் பிள்ளை அதை வாய்விட்டு ரசித்துச் செய்யும். அப்துல் ஹமீது பெயரோடு ஒட்டிய ‘பாட்டுக்குப் பாட்டு’ போட்டிக்குத் தனி முன்னேற்பாடே வேண்டாம். ஓர் எழுத்தும் ஒரு மணியும் போதும். அதிலும் ஒரு விதி வைக்கலாம்: பாடுவது பிள்ளை, அடி எடுத்துக் கொடுப்பது தாத்தாவோ பாட்டியோ. ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஆட முடியாது.

ஒலிநாடாவில் கணக்குப் பாடமே இருக்கிறது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-இல். நம் ஊர்த் தெருமுனைகளில் பாட்டுப் பதிவுக் கடைகள் மலிந்தது 80-களில். அறுபது நிமிட நாடா என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஒரு தாளில் வரிசையாகப் பாட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போவார்கள். ஏழாவது பாட்டு பக்கத்தில் அடங்காமல் பல்லவியோடு அறுந்துபோனால் அந்த அறுந்த இடத்தோடேயே அந்தப் பாட்டு ஆயுள் முழுக்க நினைவில் நிற்கும். பிள்ளைகளிடம் பாட்டுப் பட்டியலையும் ஒவ்வொன்றின் நீளத்தையும் கொடுத்து, முப்பது நிமிடத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று குழுவாக முடிவெடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடிகிற காலத்தில் வளர்பவர்களுக்கு ஒன்றை விட்டுவிடுவது எவ்வளவு கடினம் என்று அந்த மேசையில் தெரியும். தந்தியும் அப்படியே. 2013 ஜூலையில் சேவை நிறுத்தப்படும்வரை அதில் சொல்லுக்குச் சொல் காசு. ‘பாட்டிக்கு உடம்பு தேவலை, யாரும் பயந்து கிளம்பி வர வேண்டாம், தீபாவளிக்கு வந்தால் போதும்’ என்பதை ஐந்து சொற்களில் சுருக்கச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை தமிழ் ஆசிரியர் வீட்டுப்பாடம் கொடுத்தபோதுகூடக் காட்டாத கவனத்தைக் காட்டும். பம்பரம், கோலி, பல்லாங்குழி, ஐந்தாங்கல், ராஜா ராணி சீட்டு ஆகியவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை ஏற்கெனவே எல்லா விழாக்களிலும் ஒரு மூலையில் இருக்கின்றன. மூலையில் காட்சிக்கு வைத்திருப்பதுதான் பிரச்சினை. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றக் கற்றுத்தர ஓர் ஆள் வேண்டும். கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் வேண்டும்.

இதெல்லாம் ஏக்கம் பிடித்த பெரியவர்களின் கற்பனை, பிள்ளைகளுக்குச் சலிப்பே மிஞ்சும் என்பது முதல் மறுப்பு. இதற்குப் பதில் ஊகமாக இருக்க வேண்டியதில்லை. மனிதர்கள் தங்கள் இளமைக் காலத்துப் பாட்டுகளோடுதான் அதிகம் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது பழைய கண்டுபிடிப்பு. மோரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த விருப்பம் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதை ஒட்டிக் கேட்ட பாட்டுகளில் உச்சம் பெறுவதாகக் காட்டியது. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் மறுப்பாளர்கள் சொல்வது சரி: அவரவர் பாட்டு அவரவருக்கு. ஆனால் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்சல், ஜஸ்டின் சுப்னிக் என்பவரோடு சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு கதையை மாற்றியது. இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான அமெரிக்க வெற்றிப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகளோடு, தங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த 80-களின் தொடக்கத்துப் பாட்டுகளும், அதற்கு முந்தைய 60-களின் பாட்டுகளும் அவர்களிடம் தனித்த மேடுகளாகத் தெரிந்தன. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று எளிது: அந்தப் பாட்டுகள் வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்தன. அது அமெரிக்க ஆய்வு; சிறிய ஆய்வு; நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ 1976-இல் வந்தது. அதற்கு முப்பது ஆண்டு கழித்துப் பிறந்தவர்கள் அவர் கச்சேரிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தலைமுறை கடப்பது பாட்டின் மகிமையால் மட்டுமல்ல. வீட்டில் யாரோ ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்ததாலும்தான்.

இன்னொரு சான்றையும் எச்சரிக்கையோடு சொல்லலாம். அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் 2001 வாக்கில் பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்ற வகையான கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டது. உடனே கதைகளைப் புட்டியில் அடைத்துப் புகட்டினால் பிள்ளை தேறிவிடும் என்று அர்த்தமில்லை. கதை பேச நேரம் இருக்கிற வீட்டில் மற்ற பல நல்லவையும் இருக்கலாம். ஆனால் விழா அமைப்பாளருக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது: கேள்வி பிள்ளையிடமிருந்து வர வேண்டும். ‘அந்தக் காலத்துல நாங்கள்லாம்...’ என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்டதும் எந்தப் பிள்ளையின் கண்ணும் கதவைத் தேடும். ஆகவே என் யோசனை சற்றுக் கடுமையானது: விழா முடியும்வரை பெரியவர்கள், கேட்கப்பட்டால் ஒழியப் பழங்கதை பேசக் கூடாது. ஆன்டெனாவை ஏன் திருப்ப வேண்டும், டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டு எத்தனை மணி நேரம் காத்திருப்பார்கள், பென்சிலைக் கேசட்டுக்குள் ஏன் விடுகிறார்கள் என்று பிள்ளை கேட்கும்படி பொருள்களை வைத்துவிட்டால் போதும். வாயைக் கட்டுவது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் சிரமமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கைப்பேசிகளைக் கூடையில் போடும் விதி வைத்தாலும் முதலில் மீறுபவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதை இலகுவாகத் தாண்ட முடியாது. இல்லாமையை விளையாட்டாக்குவது இல்லாமையைப் புனிதப்படுத்துவதாகாதா? அந்தப் பத்தாண்டு யாருக்கு இனித்தது? 1981-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 110 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது. போலியோ அன்று எல்லா ஊர்களிலும் இருந்தது. இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி 2011-இல் பதிவானார். தொலைக்காட்சி வைத்திருந்த வீட்டுத் திண்ணையைப் பற்றி இனிமையாகப் பேசுகிறோம். அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் சன்னலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும் என்பதைச் சாதி முடிவுசெய்த ஊர்கள் இருந்தன. அந்தச் சன்னலுக்கு வெளியே நின்றவருக்கு ‘எல்லோரும் ஒன்றாகப் பார்த்தோம்’ என்ற நினைவு இருக்காது. வர்க்கமும் அப்படியே. 2006-இல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியபோதுதான் எத்தனையோ வீடுகளுக்குள் முதல்முறையாகப் பெட்டி வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூர்தர்ஷன் காலம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஈழத்தமிழர் குடும்பத்தில் 80-கள் என்றால் 1981-இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடல் தாண்டிய பயணம். டொரண்டோவிலோ லண்டனிலோ ஒரு தமிழ்ச் சங்கம் ‘80-கள் இரவு’ என்று சுவரொட்டி ஒட்டினால், வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த எண் வேறு எதையோ சொல்லும். இலங்கை வானொலியைப் பற்றி நாம் மனம் குளிர்ந்து பேசும் அதே ஆண்டுகளைப் பற்றித்தான் இதையும் சொல்கிறேன்.

இந்த மறுப்பில் உள்ள உண்மையை ஏற்றுக்கொண்டபின்னும் விழா வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. உடை சார்ந்த விழாவுக்கு எதிரான வாதமாகவே இதைப் பார்க்கிறேன். பெல்பாட்டமும் கூலிங்கிளாஸும் ஒரு பத்தாண்டை எல்லோருக்கும் பொதுவான வண்ணப் படமாக்கிவிடுகின்றன. அதில் சன்னலுக்கு வெளியே நின்றவருக்கு இடமில்லை. இல்லாமையிலிருந்து தொடங்கினால் ‘யாரிடம் இல்லை’ என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி என்று பிள்ளையிடம் சொன்னால் அது கேட்கப்போகும் அடுத்த கேள்வி, அந்த வீட்டுக்காரர் எல்லோரையும் உள்ளே விட்டாரா என்பதுதான். அதற்கு உண்மையான பதில் சொல்லும் தைரியம் மட்டுமே பெரியவர்களுக்கு வேண்டும். அதனால்தான் ‘80-கள்’ என்ற முழுப் பத்தாண்டை எடுப்பதைவிட ஓர் ஆண்டையும் ஓர் ஊரையும் எடுப்பது நல்லது என்கிறேன். ‘1983, எங்கள் ஊர்’ என்று வைத்துக்கொண்டால், கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய ஜூன் 25-ஐயும், அடுத்த மாதம் அக்கரையில் நடந்ததையும், முந்தைய ஆண்டு ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தால் பள்ளிக்கு வரத் தொடங்கிய பிள்ளைகளையும் ஒரே சுவரில் ஒட்டலாம். அந்த ஆண்டில் அந்த வீட்டுப் பெரியவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஒரு வரியில் பக்கத்தில் எழுதலாம். ‘ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்காக நின்றுகொண்டிருந்தேன்’ என்பதும் ஒரு வரிதான். அது விழாவைக் கெடுத்துவிடாது. கெடுக்கும் என்று பயப்படுகிற விழா அந்தப் பத்தாண்டைக் கொண்டாடவில்லை, ஒரு விளம்பரத்தைக் கொண்டாடுகிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. கமர்கட், தேன் மிட்டாய், சூட மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய் எல்லாம் இப்போது அலங்காரப் பெட்டியில் நான்கு மடங்கு விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவது அவரவர் விருப்பம். பஞ்சு மிட்டாய் மட்டும் வேண்டாம். அதில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருப்பது தெரியவந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. அந்தக் காலத்தில் எல்லாமே கலப்படமில்லாமல் இருந்தது என்ற புராணத்தை இந்த இடத்தில் மெதுவாகக் கீழே வைத்துவிடலாம். பானத்துக்கு வரலாறு உதவுகிறது. கொக்கக்கோலா 1977-இல் இந்தியாவைவிட்டு வெளியேறி 1993-இல்தான் திரும்பியது. இடையில் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஓடியது கோல்டு ஸ்பாட்டும், விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவன்டோவும்தான். கோலி சோடாப் புட்டியை ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்று வடிவமைத்தார். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளிக் கழுத்தை அடைக்கிறது. மூடியில்லாத இந்தப் புட்டி பிற நாடுகளில் பெருமளவு மறைந்தாலும் இங்கே அது நிலைத்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்தித் திறக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் அறிவியல் பாடமும் தாகமும் ஒருசேரத் தீரும்.

விழா என்பது சிரிக்கவும் ஆடவும்தான், அதன்மேல் இவ்வளவு பாரம் ஏற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பாரம் குறைகிறது என்பதே என் பதில். வாடகை உடை, அலங்கார வளைவு, செல்ஃபி மேடை, டிஜே என்று விழா நிறுவனம் நீட்டும் பட்டியலைவிட ஒரு கட்டு அஞ்சலட்டை, நாலு பாய், ஒரு பெட்டி கோலி சோடா மலிவு. ஆடுவதற்குத் தடையும் இல்லை. 1982-இல் வந்த ‘சகலகலா வல்லவன்’ படத்தின் புத்தாண்டுப் பாட்டு இல்லாமல் எந்த 80-கள் இரவும் முடியாது, முடியவும் வேண்டாம். உடுத்த விரும்புகிறவர்கள் உடுத்தட்டும். விழாவின் முதுகெலும்பை அங்கே வைக்காதீர்கள் என்பது மட்டுமே வேண்டுகோள்.

ஒரு பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது. எந்த ரெட்ரோ விழாவிலும் நான் இடம்பெறக் கண்டிராதது. பெரியவர்களுக்கு மட்டும்தான் கடந்த காலம் உண்டு என்ற எண்ணத்தில் எல்லா ஏற்பாடுகளும் நடக்கின்றன. ஆனால் இன்று பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் ஒரு காலம் போயிருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஒன்றரை ஆண்டுக்கு மேல். அதற்குள் கல்வித் தொலைக்காட்சி, சின்னத் திரையில் தலைகள் மட்டும் தெரிந்த வகுப்புகள், ஒரே கைப்பேசிக்கு அண்ணனும் தங்கையும் முறை வைத்துக்கொண்ட வீடுகள், கைப்பேசியே இல்லாமல் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்த பிள்ளைகள். 80-களின் தொலைக்காட்சித் திண்ணைக்கும் அந்த வாசலுக்கும் தூரம் அதிகமில்லை. 2020 ஜூனில் டிக்டாக், செப்டம்பரில் பப்ஜி என்று அவர்கள் உலகத்தின் பெரிய கட்டடங்கள் இரண்டு ஒரே ஆண்டில் இடிந்தன; அது பற்றி எந்தப் பெரியவரும் அவர்களிடம் துக்கம் விசாரிக்கவில்லை.

ஆகவே கூடத்தில் ஒரு மேசையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். என்ன வைப்பது என்று அவர்களே முடிவுசெய்யட்டும்: விளிம்பு உடைந்த டேப்லெட், காதுப் பட்டி அறுந்த முகக்கவசம், ‘மைக்கை அணைத்து வையுங்கள்’ என்று எழுதிய அட்டை, ஆன்லைன் தேர்வில் அம்மா கேமராவுக்குப் பின்னால் நின்ற இடத்தைக் காட்டும் படம். அங்கே விதி தலைகீழாகும். கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள். அதுவும் வாய்விட்டு அல்ல, அஞ்சலட்டையில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நீ அப்போது யாரோடு பேசினாய், எதைப் பார்க்க ஏங்கினாய், உன் நண்பனை மறுபடி நேரில் பார்த்த அன்று என்ன செய்தாய் என்று கேட்கட்டும். பதில் எப்போது வரும் என்பது பிள்ளைகள் கையில். அதுவரை பாயில் உட்கார்ந்திருக்கலாம். திரையில் அந்த அட்டை ஓடிக்கொண்டிருக்கும்.